தேம்ஸ் சேற்றில் யார் திருடர், யார் ஆய்வாளர்?

லண்டன் நகரத்தின் நடுவில் ஓடும் தேம்ஸ் ஆற்றில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. லண்டன் பாலத்தருகே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏழு மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். நீர் இறங்கியதும் இரண்டு கரையிலும் சேறும் சரளையுமான அகலமான படுகை வெளியே வரும். சில மணி நேரம்தான், பிறகு மறுபடி ஆறு அதை மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் இறங்கி, முழங்கால் போட்டுத் தேடுபவர்களை ‘மட்லார்க்’ என்கிறார்கள். ‘மட்’ என்றால் சேறு. ‘லார்க்’ என்றால் வானம்பாடி.

காற்றுப் புகாத அந்தச் சேறு எதையும் லேசில் மக்கவிடாது. ரோமானியர் காலத்துக் கொண்டை ஊசி, ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய தோல் செருப்பு, யாத்ரீகர்கள் அணிந்த ஈயச் சின்னம், நாணயம், களிமண் புகைக்குழாய் என்று எல்லாம் அதிலிருந்து வருகின்றன. இப்படித் தேடுவதைக் காட்டும் வீடியோக்களை நம் மாணவர்கள் பலர் விரும்பிப் பார்க்கிறார்கள். நாங்களும் பார்க்கிறோம். எடுத்த பொருளைக் கழுவிக் கையில் வைத்துக் காட்டும்போது நமக்கே அங்கே இறங்கவேண்டும்போல இருக்கிறது. ஆனால் ‘மட்லார்க்’ என்ற சொல் இந்தப் பொழுதுபோக்குக்காக உண்டான சொல் அல்ல. இருநூறு வருடங்களுக்கு முன்பு அது போலீஸ் பட்டியலில் இருந்த ஒரு சொல்.

அந்தப் பட்டியலைப் போட்டவர் பேட்ரிக் கஹூன் என்ற மாஜிஸ்திரேட். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக லண்டன் இருந்தது. கரீபியன் தீவுகளில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் விளைவித்த சர்க்கரை அங்கேதான் வந்து இறங்கியது. கப்பல்கள் ஆற்றின் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், சரக்கைக் கூலியாட்கள் படகுகளில் இறக்குவார்கள். இறக்கும்போது சிந்திய சர்க்கரையையும் நிலக்கரியையும் கூட்டி எடுத்துக்கொள்வதைத் தங்கள் கூலியின் ஒரு பகுதியாகவே அவர்கள் கருதிவந்தார்கள். பல காலமாக அதுதான் வழக்கம். சர்க்கரை வியாபாரிகளின் கணக்கில் அது திருட்டு.

1798 ஜூலையில் வாப்பிங் என்ற இடத்தில் ஆற்றுப் போலீஸ் தொடங்கப்பட்டது. தொடங்கப் பணம் கொடுத்தது அரசாங்கம் அல்ல, வெஸ்ட் இந்தியா வியாபாரிகள். முதல் வருடத்துக்கு 4,200 பவுண்டு. ஆற்றில் வேலை செய்யும் 33,000 பேரில் 11,000 பேர் குற்றவாளிகள் என்று கஹூன் கணக்குக் காட்டினார். 1800இல் அவர் வெளியிட்ட நூலில் ஆற்றுத் திருடர்களை வகைவகையாகப் பிரித்திருக்கிறார். அதில் மட்லார்க்குகளும் ஒரு வகை. நீர் வற்றிய நேரத்தில் கப்பலடியில் பழைய கயிறும் இரும்பும் பொறுக்குவதுபோலப் பாசாங்கு செய்து, மேலிருந்து கூலியாட்கள் போடும் சர்க்கரைப் பையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் என்பது அவர் தந்த விளக்கம். அப்படிச் செய்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் சேற்றில் குனிந்து நிற்கும் ஒவ்வொருவரும், கையில் என்ன இருந்தாலும், முதலில் சந்தேகத்துக்குரியவர் ஆனது அப்போதுதான்.

தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. நிலக்கரி எடுத்ததற்காக அபராதம் விதிக்கப்பட்ட அன்று, 1798 அக்டோபரில், நிலக்கரி இறக்கும் தொழிலாளர்கள் திரண்டுவந்து வாப்பிங் போலீஸ் அலுவலகத்தைத் தாக்கினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. ஜேம்ஸ் ஐயர்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். நவீன போலீஸ் எதற்காக உருவானது என்று படிக்கும் சமூகவியல் மாணவர்கள் இந்தச் சம்பவத்தைத் தவறவிடக் கூடாது. ராபர்ட் பீல் லண்டன் போலீஸைத் தொடங்கியது 1829இல்தான். அதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே, சிந்திய சர்க்கரையைக் காக்கச் சம்பளப் போலீஸ் வந்துவிட்டது.

அடுத்த ஐம்பது வருடத்தில் மட்லார்க்குகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஹென்றி மேஹியூ என்ற பத்திரிகையாளரால் ஓரளவு அறிகிறோம். 1849 முதல் லண்டன் ஏழைகளை நேரில் சந்தித்து எழுதிய அவர், ஆற்றங்கரையில் பார்த்தது பெரும்பாலும் சிறுவர்களையும் சிறுமிகளையும் கிழவிகளையும். ஆறு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் தேடியது ரோமானிய நாணயம் அல்ல. நிலக்கரித் துண்டு, துருப்பிடித்த இரும்பு, எலும்பு, கயிறு, கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் விழும் செம்பு ஆணி. நிலக்கரியை அக்கம்பக்கத்து ஏழைகளுக்கே விற்பார்கள், மற்றதைக் காயலான் கடையில் போடுவார்கள். விலையையும் மேஹியூ குறித்துவைத்திருக்கிறார்: ஐந்து பவுண்டு எடை இரும்புக்கு ஒரு பென்னி, மூன்று பவுண்டு எலும்புக்கு ஒரு பென்னி, செம்பு ஆணி கிடைத்தால் பவுண்டுக்கு நான்கு பென்னி. ஒரு நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் சராசரி வருமானம் மூன்று பென்னி.

காலில் செருப்பு கிடையாது. கண்ணாடித் துண்டோ ஆணியோ குத்தினால் வீட்டுக்கு ஓடிப்போய்க் கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பி ஓடிவருவார்கள், ஏனென்றால் ஆறு காத்திருக்காது. எதுவும் கிடைக்காமல் தண்ணீர் ஏறிவிட்டால் அடுத்த வற்றம்வரை பட்டினி. குளிர்காலத்தில் கரையோர நீராவித் தொழிற்சாலைகளிலிருந்து சுடுதண்ணீர் வழிந்து ஆற்றில் கலக்கும் இடத்தில் போய், விறைத்த கால்களை வைத்துக்கொண்டு நிற்பார்கள். நிலக்கரி திருடியதாகப் பிடிபட்டுச் சீர்திருத்தச் சிறைக்குப் போய்வந்த ஒரு சிறுவன், சேற்றைவிடச் சிறையே தேவலை என்று மேஹியூவிடம் சொன்னான். அங்கே கோட்டும் செருப்பும் காலுறையும் கொடுத்தார்கள், எதுவும் சாப்பிடாமல் படுக்கவேண்டிவருமோ என்ற பயம் இல்லை.

மேஹியூவை நாம் மதிக்கிறோம். ஏழைகளின் பேச்சை அச்சில் ஏற்றியவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் அவருடைய நூலின் முதல் பக்கங்களையும் படிக்கவேண்டும். உலகத்து மனிதர்களையெல்லாம் அலைந்து திரிபவர்கள், நிலைத்து வாழ்பவர்கள் என்று இரண்டு இனமாகப் பிரித்துவிட்டு, லண்டன் தெரு ஏழைகள் முதல் வகை என்கிறார். ஆப்பிரிக்கப் பழங்குடிகளோடு அவர்களை ஒப்பிடுகிறார். பிடுங்கப்பட்ட கூலி, இறந்துபோன அப்பா, குடியிருக்க வீடில்லாத நிலை எல்லாம் பின்னால் போய், வறுமை ஒரு இனத்தின் குணமாக மாறிவிடுகிறது. கஹூனிடம் ‘குற்றவாளி வகை’, மேஹியூவிடம் ‘அலையும் இனம்’. 1871இல் இதே சிந்தனை இந்தியாவில் சாதியோடு சேர்ந்து குற்றப் பழங்குடிகள் சட்டம் ஆனது. தச்சர் மகன் தச்சர் ஆவதுபோலத் திருடர் பிள்ளை திருடர்தான் என்பதே அந்தச் சட்டத்துக்கு அதிகாரிகள் சொன்ன நியாயம். 1911இல் சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது. கைரேகைச் சட்டம் என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான்.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. லண்டன் சேற்றுச் சிறுவனின் நிலையும் சாதியும் ஒன்றல்ல. மேஹியூ தான் சந்தித்த ஒரு சிறுவனுக்கு அச்சகத்தில் வேலை வாங்கிக்கொடுத்தார். அவன் போனான், அங்கே நல்லபடியாக இருந்தான். சேற்றைக் கழுவியதும் அவன் மற்றப் பையன்களைப்போல ஒரு பையன். அவன் தொட்ட அச்சு எழுத்தை யாரும் தண்ணீர் தெளித்து எடுக்கவில்லை. கழுவினால் போகாத அழுக்கை ஒரு மனிதர்மேல் ஏற்றிவைப்பதுதான் சாதி. வர்க்கத்தையும் சாதியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகும் தோழர்களிடம் நாங்கள் அடிக்கடி சண்டை போடுவதே இதற்காகத்தான்.

இனி, இந்த வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த இரண்டு பேர். வில்லியம் ஸ்மித், சார்லஸ் ஈட்டன். லண்டனில் பில்லி, சார்லி என்று சொன்னால்தான் தெரியும். இருவரும் எழுதப் படிக்கத் தெரியாத மட்லார்க்குகள். 1850களில் பழம்பொருள் சேகரிப்பது லண்டன் கனவான்களிடையே பெரிய மோகமாக இருந்தது. கரையில் கிடைப்பதை வாங்க வியாபாரிகள் வருவார்கள், சில்லறை கொடுத்துவிட்டுப் போய்ப் பல மடங்குக்கு விற்பார்கள். இதைக் கவனித்த பில்லியும் சார்லியும் 1857 வாக்கில், தேடுவதைவிடச் செய்வது சுலபம் என்று முடிவு செய்தார்கள். அச்சு வெட்டி ஈயத்தை உருக்கி ஊற்றி, அமிலத்தில் போட்டுப் பழசாக்கி, ஷாட்வெல் துறைக்குத் தோண்டிய இடத்தில் கிடைத்த இடைக்காலச் சின்னங்கள் என்று சொல்லி விற்றார்கள்.

படிக்கத் தெரியாததால் அந்தச் சின்னங்களில் இருந்த எழுத்துகளுக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது. 11ஆம் நூற்றாண்டு என்று இந்து-அரபு எண்களில் தேதி போட்டிருந்தார்கள், ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் அந்த எண்களே புழக்கத்தில் இல்லை. இருந்தும் அறிஞர்கள் நம்பினார்கள். இவை போலி என்று ‘அதீனியம்’ பத்திரிகையில் செய்தி வந்ததும், ஜார்ஜ் ஈஸ்ட்வுட் என்ற வியாபாரி அவதூறு வழக்குப் போட்டார். 1858இல் கில்ஃபோர்டில் விசாரணை நடந்தபோது, லண்டன் தொல்பொருள்களில் பெரிய நிபுணரான சார்லஸ் ரோச் ஸ்மித் சாட்சிக் கூண்டில் ஏறி, இவை உண்மையானவைதான் என்றார். இவ்வளவு விசித்திரமான பொருளை ஒருவர் போலியாகச் செய்வாரா என்பது அந்தப் பக்கத்தின் வாதம். வியாபாரி தோற்றார், ஆனால் விளம்பரத்தால் விற்பனை கூடியது! கழிவுநீர்க் குழாய்களில் பொருள் தேடும் ஒருவரைப் பிடித்து, அவர் மூலமாகப் பட்டறையின் அச்சுகளை வெளியே கொண்டுவந்த பிறகுதான், 1861இல், விஷயம் உடைந்தது. ஈட்டன் 1870இல் காசநோயால் இறந்தார். வயது 35.

ஏமாற்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாட்சிக் கூண்டில் நின்ற ரோச் ஸ்மித்தின் தொகுப்பையும் பாருங்கள். லண்டன் பாலம் கட்டியபோதும் ஆற்றைத் தூர்வாரியபோதும் தொழிலாளர்கள் கையில் சிக்கியவற்றை வாங்கி வாங்கிச் சேர்த்தது அவருடைய தொகுப்பு. 1856இல் பிரிட்டிஷ் மியூசியம் அதை 2,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. தொகுப்புக்கு அவர் பெயர். ஆற்றிலிருந்து அதை எடுத்த கைகளுக்குப் பெயர் இல்லை. பில்லி, சார்லி செய்த போலிகளும் இன்று அதே லண்டனின் மியூசியங்களில் இருக்கின்றன, அவர்கள் பெயரோடு.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வேலை பொழுதுபோக்காக மாறியது. இப்போது தேம்ஸ் கரையில் தேட லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் சும்மா மேலே கிடப்பதைக்கூட எடுக்க முடியாது. 300 வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் பதிவு செய்யும் அதிகாரியிடம் காட்டியாகவேண்டும். இது நல்ல விதி என்றே நினைக்கிறோம். எடுத்த இடமும் எடுத்தவர் பெயரும் பொருளோடு சேர்ந்து பதிவாகின்றன, நூறு வருடத்துக்கு முன்பு நடக்காதது அதுதான். ஆனால் கூட்டம் தாங்காமல் 2022 நவம்பரில் புதிய சீட்டு கொடுப்பதை நிறுத்தினார்கள். 2024இல் மறுபடி தொடங்கியபோது 4,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். வரிசையில் பத்தாயிரம் பேர் வரை காத்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு அதிகமாகக் கிடைப்பது களிமண் புகைக்குழாய்த் துண்டுதான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் குழாய்களின் கிண்ணம் விரல் நுனி அளவுக்குச் சின்னதாக இருக்கும், ஏனென்றால் அப்போது புகையிலை விலை அதிகம். வர்ஜீனியாவின் தோட்டங்கள் பெருகி, அங்கே அடிமை உழைப்பும் பெருகி, புகையிலை மலிந்தபோது கிண்ணமும் பெரிதானது. கையிலிருக்கும் துண்டு எந்தக் காலத்தது என்று மட்லார்க்குகள் கண்டுபிடிப்பது கிண்ணத்தின் அளவையும் வடிவத்தையும் வைத்துத்தான். சமீப காலத்துப் பொருள்களில் பிள்ளையார் சிலையும் அகல் விளக்கும் தேங்காயும் உண்டு. தேம்ஸைக் கங்கையாக நினைத்து லண்டன்வாழ் இந்துக்கள் விட்டவை.

2025இல் இந்த மட்லார்க் கண்டெடுப்புகளுக்காகவே ஒரு பெரிய கண்காட்சி லண்டன் மியூசியம் டாக்லண்ட்ஸில் நடந்தது. அந்தக் கட்டடம் வெஸ்ட் இந்தியா துறைத் தளத்தின் பழைய சர்க்கரைக் கிடங்கு. ஆற்றுப் போலீஸுக்குப் பணம் கொடுத்த அதே வியாபாரிக் கூட்டம், ஆற்றங்கரை ஏழைகள் கைக்கு ஒரு பிடி சர்க்கரையும் போகக் கூடாது என்று உயர்ந்த மதிலும் அகழியும் சூழக் கட்டி, 1802இல் திறந்த துறை அது. அதை முன்னின்று கட்டிய ராபர்ட் மில்லிகன் சாகும்போது ஜமைக்காவில் அவரிடம் 526 அடிமைகள் இருந்தார்கள். மியூசியத்துக்கு எதிரே நின்ற அவருடைய சிலையை 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு எழுந்த போராட்டத்தின்போது, எடுத்துவிட்டார்கள். ஆற்றுப் போலீஸ் மட்டும் இன்றும் வாப்பிங்கில்தான் இருக்கிறது.