நின்று உண்ட ஊர்கள்

எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் நாற்பது வருஷங்களுக்கு மேற்பட்ட குடும்பக் கணக்கு நோட்டுகள் வருஷவாரியாகச் சணல் கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அரிசி, பால், விறகு, மண்ணெண்ணெய் என்று தொடங்கும் ஒவ்வொரு மாதப் பக்கத்தின் அடியிலும், கல்யாணமான முதல் மாதந்தொட்டு, என் மனைவி ‘ஓட்டல்’ என்று ஒரு கட்டம் வரைந்து வந்திருக்கிறாள். அவள் அரியலூரில் பிறந்தவள், நான் பெரம்பலூர்க்காரன். இரண்டுக்கும் நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர் வழிதான் என்றாலும், பிறந்தகம் போகும்போது ஓர் ஊரிலும் திரும்பும்போது மற்றோர் ஊரிலும் உட்கார்ந்து பலகாரம் சாப்பிடுவது எங்களுக்குள் ஒரு நியமம்போல் ஆகிவிட்டது. சென்ற மாதம் அந்தக் கட்டுகளை அவிழ்த்து, நோட்டுகளில் கண்ட ஓட்டல்களின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினோம். தாளின் இருபுறமும் நிரம்பிய அப்பெயர்களுள் இன்று அடுப்பு எரிவது இரண்டே இரண்டில்தான். அவற்றை நடத்தியவர்களின் மக்கள் வேறு தொழில் செய்துகொண்டு இவ்வூர்களிலேயே வாழ்கிறார்கள்; ஆதலால் பெயர்களை இங்கே எழுதவில்லை.

சோற்றை விலைக்கு விற்பது நம் நாட்டில் நெடுங்காலம் நாணத்தக்க காரியமாக எண்ணப்பட்டது. வழிப்போக்கனுக்குச் சத்திரம் உண்டு. கோயில் பிரசாதம் உண்டு. அறிந்தவர் வீட்டுத் திண்ணை உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் பால்யத்தில் வசித்த ஊர்களில் அரியலூரும் குன்னமும் முக்கியமானவை. இராமாயண காலக்ஷேபம் செய்து ஜீவித்த அவருடைய தந்தையார், அரியலூரில் சடகோபையங்காரிடமும், பின்பு செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பிள்ளைக்குத் தமிழ்க்கல்வி வாய்க்கும்பொருட்டு, இந்தப் பிரதேசத்தில் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். அவர் எழுதிய சுயசரிதத்தில் இப்பகுதியைப் பற்றிய அத்தியாயங்களைப் படிப்பவர் எவரும், எந்த ஊரில் எவர் ஆதரித்தார், எவர் இடங்கொடுத்தார் என்று அவர் நன்றியோடு குறித்திருப்பதைக் காணாமல் இருக்க முடியாது. அன்று உண்பதற்கு மனிதரைத் தேடிப் போனார்கள். கடையைத் தேடிப் போகவில்லை.

கடை வந்தது பிரயாணத்தோடு. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குவழியாகச் செல்லும் இருப்புப் பாதை 1920-களின் பிற்பகுதியில் திறக்கப்பட்டது. பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் இல்லை. ஆனால் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை இருந்தது. ஒன்று தண்டவாளத்தால் ஓட்டல் கண்ட ஊர், மற்றொன்று தார்ச்சாலையால் ஓட்டல் கண்ட ஊர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நிகழ்ந்தவை யாவும் விளங்கும். நீராவி இஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்க வேண்டும். பேருந்தும் சூடு தணிய நிற்க வேண்டும். அப்படி நின்ற நேரத்தில் இறங்கியவர்களுக்காக இலை போடப்பட்டது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அவற்றை ஓட்டல் என்று சொல்லமாட்டார்கள். காப்பி கிளப் என்றோ, வெறுமே கிளப்புக்கடை என்றோ சொல்வார்கள்.

அந்தக் கிளப்புக்கடைகளுக்குள் எல்லோரும் நுழைய முடிந்ததா என்ற கேள்வியைத் தாண்டி அவற்றின் பெருமையைப் பேசுவது தர்மமாகாது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கென்று தனியிடம் ஒதுக்கும் வழக்கம், பெரியாரின் இயக்கத்துக்குப் பிறகு, 1941-இல்தான் ஒழிந்தது. ஓட்டல்களில் தீண்டாமை பாராட்டுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய மத்திய சட்டம் 1955-இல் வந்தது. ‘பிராமணாள்’ என்ற சொல்லைப் பெயர்ப்பலகையிலிருந்து நீக்கக்கோரி, சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு மறியல் தொடங்கியது 1957-இல். சட்டம் நகரத்துக்கு வந்த வேகத்தில் கிராமத்துத் தேநீர்க் கடைக்கு வரவில்லை. தனிக் குவளை பல ஊர்களில் பிறகும் நெடுநாள் ஆணியில் தொங்கிற்று. எனினும், எங்கள் தலைமுறை கண்ணெதிரே கண்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: வீட்டு முற்றத்தில் சேர்ந்து நிற்கக்கூட இசையாதவர்கள், பேருந்து நிலையத்து ஓட்டலில் ஒரே பலகையில் தோள் உரச உட்கார்ந்து, ஒரே வாளியிலிருந்து சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார்கள். எந்தப் பிரசங்கமும் சாதிக்காததைப் பசியும் அவசரமும் சேர்ந்து சாதித்தன.

இட்லி எங்களுக்கு வாய்த்ததும் ஓட்டலால்தான். எங்கள் பெரம்பலூர்ச் சீமை மானாவாரிப் பூமி. அன்றாட உணவு கம்பங்கூழும் வரகரிசிச் சோறும். தீபாவளி, பொங்கல் தவிர மற்ற நாளில் இட்லித்தட்டு அடுப்பேறிய வீடுகள் சொற்பம். சந்தைக்கு வெங்காயமும் பருத்தியும் கொண்டுவந்த சம்சாரி, விற்ற காசில் நாலு இட்லி தின்று, வீட்டுப் பிள்ளைகளுக்கும் மந்தார இலையில் கட்டி எடுத்துப்போன நாள்தான் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குத் திருநாள். நானும் அப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒருவன். அந்த இலையின் வாசனையை இன்றும் மறக்கவில்லை.

அரியலூரின் பெயர் தேசம் முழுவதும் அறியப்பட்டது துக்கத்தால். 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், பெருவெள்ளத்தில் வலுவிழந்திருந்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அதே சாஸ்திரி 1965-இல் பிரதமராக இருந்து, தானியத் தட்டுப்பாட்டின் பொருட்டு வாரத்தில் ஒரு வேளை உணவை விடும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டபோது, நாடெங்கும் ஓட்டல்கள் திங்கட்கிழமை இரவுகளில் அடுப்பை அணைத்தன. அரியலூர்க்காரர்களுக்கு அவர் வார்த்தையில் ஒரு தனி மதிப்பு இருந்ததென்று என் மாமனார் சொல்வார். ஆற்றங்கரையில் மாண்டவர்களுக்காகப் பதவியை விட்டவர் ஒரு வேளைச் சோற்றை விடச் சொன்னால் விடத்தானே வேண்டும் என்பது அவர் கட்சி.

நிற்க. எங்கள் நோட்டுகளின் முதல் கட்டுக்கு வருகிறேன். ‘ஓட்டல் 3-40’ என்பது முதல் பதிவு. அன்றைக்கு முன் என் மனைவி ஓட்டல் வாசற்படி ஏறியதில்லை. குடும்ப ஸ்திரீகள் கிளப்பில் உட்கார்ந்து சாப்பிடுவதை அக்காலத்து மாமியார்கள் பொறுக்கமாட்டார்கள். என் தாயாரும் பொறுக்கவில்லை. ஆகையால்தான் ஓட்டல்களின் ஓரத்தில் ‘பேமிலி ரூம்’ என்று பச்சைத் துணி தொங்கவிட்ட ஓர் அறை இருந்தது. அந்தத் திரைக்குப் பின்னால், கூட்டுக் குடும்பத்தில் பகற்பொழுதில் ஒரு வார்த்தை பேச வாய்க்காத புதுத் தம்பதிகள் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். எங்கள் சம்பாஷணைகள் ஆரம்பமான இடமும் அதுவே. தமிழ்நாட்டில் ஓட்டல் செய்த உபகாரங்களைக் கணக்கெடுப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாதென்பது என் அபிப்பிராயம்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதி வாரத்தில் திங்களும் வெள்ளியுமே திறக்கும். அவ்விரு நாளும் அக்காலத்தில் பெரம்பலூர்ப் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றிய ஓட்டல்களில் இடம் பிடிப்பது கஷ்டம். சாப்பிடுகிறவரின் முதுகுப் பக்கம் நின்றுகொண்டு அவர் எழுவதற்குக் காத்திருக்க வேண்டும். சப்ளையர் எழுதி வைத்துக்கொள்ளமாட்டார். ஆறு பேர் கேட்டதை அடுப்படி நோக்கி ஒரே மூச்சில் கூவுவார். சரக்கு மாஸ்டர் மாலை நாலு மணிக்குப் போடும் வெங்காயப் பக்கோடாவுக்கு எங்கள் ஜில்லாச் சின்ன வெங்காயம். அந்த ருசி வேறு வெங்காயத்தில் வராது. அரியலூரில் ரயிலடிப் பக்கம் ஒரு கிழவர் நடத்திய கடையில் ரவா தோசை மட்டும் விசேஷம். ஓரம் முறுகி நடு மிருதுவாயிருக்கும் அந்தத் தோசையைத் தின்னும்போது என் மனைவி ஒரு பேச்சும் பேசமாட்டாள்.

பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-இல் அதிலிருந்து பிரிந்து, 2002-இல் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகங்கள் வந்தன, சிமெண்டு ஆலைகளின் லாரிகள் பெருகின, சாப்பிடுகிறவர்கள் அதிகமானார்கள். ஓட்டல்கள் செழிக்க வேண்டிய காலம் அது. ஆனால் அந்தக் காலத்தில்தான் எங்கள் பட்டியலில் பெயர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. கடைவீதியில் மனைவிலை ஏறியதும், தோசைக்கல் போட்ட இடம் ஜவுளிக்கடைக்கும் கைப்பேசிக் கடைக்கும் அதிக வாடகை தந்தது. புதிய பேருந்து நிலையம் வந்ததும் பழையதைச் சுற்றிய கூட்டம் கலைந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி ரயில் அகலப் பாதைக்கு மாறியது. வண்டி நின்றவுடனே புறப்பட்டது. 2010-ஐ ஒட்டி நாற்கரச் சாலை முடிந்தபோது, திருமாந்துறைச் சுங்கச்சாவடியில் மட்டும் நின்ற கார்கள் எங்கள் ஊரை நிற்காமலே கடந்தன. நிற்பதற்காக உண்டான கடைகள் நிற்காத உலகத்தில் எப்படி நிலைக்கும்?

மற்றொரு காரணத்தை ஒரு முதலாளியே எங்களிடம் சொன்னார். கல்லாவில் அவரே உட்கார்ந்து, அவரே எழுந்து இலையும் போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என் மனைவி ஆள் எங்கே என்று கேட்டாள். “ஆள் எங்கம்மா வர்றான்? ஒருத்தன் சிங்கப்பூர்ல, ஒருத்தன் திருப்பூர்ல. எம் பையன் இஞ்சினீயரு. விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து மாவு கரைக்க அவனக் கூப்பிடலாமா, நீங்களே சொல்லுங்க” என்றார். அவர் குரலில் குறை இல்லை; மகனைப் பற்றிய பெருமையே மிகுந்திருந்தது. தந்தை மேஜை துடைத்துச் சேர்த்த காசில் மகன் படித்து வேறு வாழ்வுக்குப் போனான் என்றால், அந்தக் கடை மூடியதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவ்வருஷத் தைமாதத்தில் பூட்டிய கதவின்முன் நாங்கள் இருவரும் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதும் உண்மை.

பெரிய ஸ்தாபனங்களும் இதற்கு விலக்கல்ல. கிருஷ்ண ராவ் நிறுவிய உட்லண்ட்ஸின் டிரைவ்-இன் ஓட்டல், சென்னைக் கதீட்ரல் சாலையில் 1962 முதல் நடந்து, 2008-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அதைப் பற்றிப் பத்திரிகைகள் பல நாள் எழுதின. எங்கள் ஊர் ஓட்டல்கள் மூடியபோது கதவில் சுண்ணாம்பால் எழுதிய இரண்டு வரி மட்டும் மிச்சம். அதுவும் முதல் மழையில் கரைந்தது.

ரயிலடி ரவா தோசைக் கடைக்கு நாங்கள் கடைசியாகப் போனது 2020 மார்ச் மாதத் தொடக்கத்தில். கிழவர் காலமாகி, அவர் தம்பி மகன் கல்லாவில் இருந்தார். அம்மாத இறுதியில் ஊரடங்கு வந்தது. ஜூன் மாதம் பாதி இருக்கைகளோடு ஓட்டல்கள் திறக்கலாமென்று உத்தரவானபோது பல கடைகள் திறந்தன. அந்தக் கடை திறக்கவில்லை. நோட்டில் அம்மாதப் பக்கத்தின் அடியில், என் மனைவியின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ‘அரியலூர். ரவா தோசை இரண்டு, காப்பி இரண்டு. அவருக்கு உப்பில்லாமல் சட்னி தனியாக அரைத்துக் கொடுத்தார்கள்.’ தொகையை எழுத மறந்திருக்கிறாள்.