ஹோம்ஸ் வால்மீனின் எழுச்சிகள்

வால்மீன் கதிரவனை நெருங்குங்கால் பனி ஆவியாகித் தூசியையும் வெளிக்கொணரும்; அத்தூசியில் கதிரொளி பட்டுச் சிதற, ஒளி மிகும். விலகுங்கால் மங்கும். இப்பொதுவிதிக்கு அடங்காத ஒன்றை 1892 நவம்பர் 6 இரவு இலண்டனில் எட்வின் ஹோம்ஸ் கண்டார். கதிரவனுக்கு மிக அண்மையில் வந்து ஏறத்தாழ ஐந்து திங்கள் கழிந்த பின்னரே அவ்வால்மீன் திடீரெனச் சுடர்ந்திருந்தது. சில வாரங்களில் மங்கி, 1893 சனவரியில் மீண்டும் ஒளிர்ந்தது. 1906-க்குப் பின் எவர் கண்ணுக்கும் படவில்லை. பிரையன் மார்ஸ்டன் கணித்த பாதையில் தேடி 1964-இல் எலிசபெத் ரோமர் அதனை மீட்டார். கணிதத்தின் வெற்றி அது. பாதை கணக்குக்குள் அடங்கியது; ஒளியோ அடங்கவில்லை.

துணைக்கோள் ஒன்று மோதியதே 1892-ஆம் ஆண்டு எழுச்சிக்குக் காரணமாகலாம் என ஃப்ரெட் விப்பிள் 1984-இல் கருதினார். ஆனால் 2007 அக்டோபரில், மறுபடியும் கதிரவனை விட்டு விலகுகையில், இரண்டே நாளில் அது ஏறத்தாழ ஐந்து இலட்சம் மடங்கு ஒளி பெற்றது! சில கிலோமீட்டரே அகன்ற கரு. அதனைச் சூழ்ந்த தூசிக்கோளமோ நவம்பரில் கதிரவனினும் பெரிதாக விரிந்தது. மோதல் இத்துணை ஒத்த வகையில் மீளுமென ஏற்பது அரிது. மேலோட்டின் கீழ் அடைபட்ட வளிமங்கள், வெப்பம் மெல்ல உட்புகுந்தபின் அழுத்தம் மிகுந்து வெடித்தன என்பதே அதனினும் பொருந்துவதாகும்.