எதிர்விழைவு: கிரீந்திரசேகர் போஸின் நனவிலிக் கோட்பாடு வளர்ந்த வரலாறு

1921ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து வியன்னாவுக்கு ஒரு புத்தகம் சென்றது. ஒடுக்கம் என்னும் கருத்தை ஆராய்ந்த அந்நூல், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக கிரீந்திரசேகர் போஸ் எழுதிய ஆய்வேடு. இவ்வளவு தொலைவிலுள்ள நாட்டில் உளப்பகுப்பாய்வுக்கு இத்தனை அக்கறையும் ஏற்பும் கிடைத்திருப்பது தமக்கு வியப்பளிப்பதாக சிக்மண்ட் ஃபிராய்டு அந்த மே மாதம் பதில் எழுதினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937வரை நீண்டது. இதை வைத்துக்கொண்டு போஸை ஃபிராய்டின் இந்தியச் சீடர் என்று சொல்லிவிடுவது வழக்கம். கடிதங்களையும் கட்டுரைகளையும் கால வரிசையில் படித்தால் அந்தப் பட்டம் அவருக்குப் பொருந்தவில்லை. முதல் நூலிலேயே அவர் வேறொரு தன்னிலைக் கோட்பாட்டை முன்வைத்துவிட்டார்.

1910இல் மருத்துவப் பட்டம் பெற்ற போஸ், நோயாளிகளுக்கு மனோவசிய முறையில் சிகிச்சை அளித்துவந்தார். 1917இல் உளவியலில் முதுகலை முடித்தார். ஃபிராய்டின் நூல்கள் ஆங்கிலத்தில் அரிதாகவே கிடைத்த காலம் அது. ஆகவே அவருடைய சிந்தனைக்குச் சிகிச்சை அறையே முதல் ஆதாரமாக இருந்தது.

கோட்பாட்டின் மையம் இதுதான். ஒருவனை அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அடிபடுவது என்றால் என்ன என்பதை ஏதோ ஒரு வகையில் அவன் இடத்தில் நின்று உணராமல் அந்த விழைவு எனக்குள் உருவாகவே முடியாது. எனவே அடிக்கும் விழைவு பிறக்கும்போதே அடிபடும் விழைவும் உடன்பிறக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் செயலாக முடியாது என்பதால் ஒன்று நனவிலிக்குள் அமிழ்கிறது. ஒடுக்கத்துக்குப் போஸ் தரும் விளக்கம் இவ்வளவே: விழைவை ஒடுக்குவது அதன் எதிர்விழைவு. ஃபிராய்டிடமோ, ஒழுக்க இலட்சியங்களோடு மோதும் விழைவைத் தன்முனைப்பு வெளியே தள்ளுகிறது. அங்கே ஒரு காவலாளி தேவைப்படுகிறான். போஸிடம் காவலாளியே இல்லை. மற்றவன் தொடக்கத்திலிருந்தே எனக்குள் இருக்கிறான். சிகிச்சையிலும் இது வெளிப்பட்டது. நோயாளியை எதிர்ப்பாத்திரத்தில் கற்பனை செய்யச் சொல்லி, இரண்டு நிலைகளுக்கும் இடையே மாறி மாறிச் செல்லவைப்பார்.

1922இல் பார்சிபாகன் சந்திலிருந்த அவரது வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் உருவாகி, பன்னாட்டுச் சங்கத்தோடும் இணைந்தது. ராஞ்சியில் ஐரோப்பியருக்கான மனநல மருத்துவமனையை நடத்திய ஓவன் பெர்க்லி-ஹில்லும் அதன் தொடக்க உறுப்பினர். இந்துக்களின் சமயத்தையும் குணத்தையும் மலப்புழைக் காமத்தால் விளக்கி 1921இல் கட்டுரை எழுதியவர் அவர். ஆளப்படும் மக்களை நோயாளியாக்கும் பார்வை அது. அதே சங்கத்தில் அமர்ந்துகொண்டு போஸ் ஐரோப்பியக் கோட்பாட்டையே பரிசோதித்தார் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

1929இல் கருத்து மோதல் வெளிப்படையானது. ஈடிபஸ் விழைவைப் பற்றிய போஸின் கட்டுரையைப் படித்த ஃபிராய்டுக்கு அது நிறைவளிக்கவில்லை. போஸ் பின்வாங்கவும் இல்லை. தம் ஐரோப்பிய நோயாளிகளிடம் காணும் அளவுக்குக் காயடிப்பு அச்சம் இந்திய நோயாளிகளிடம் இல்லை என்றும், பெண்ணாக இருக்க வேண்டும் என்னும் விழைவு இந்திய ஆண்களிடம் எளிதில் வெளிப்படுகிறது என்றும் ஏப்ரலில் எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் இதைக் கலாசார வேறுபாடாக மட்டுமே வாசிக்கிறார்கள். போஸின் வாதம் அதைவிடப் பெரியது: காயடிப்பு அச்சுறுத்தல் ஐரோப்பியரிடமும் வலுப்பெறுவது பெண்ணாக இருக்க வேண்டும் என்னும் அந்த எதிர்விழைவோடு பிணைந்திருப்பதால்தான் என்றார் அவர். மனித மனம் முழுவதற்குமான கூற்று அது.

ஃபிராய்டின் 75ஆம் பிறந்தநாளை ஒட்டிச் சங்கம் தந்தத்தாலான விஷ்ணு சிலையொன்றை அனுப்பியது. அவர் அதைத் தம் மேசையில் வைத்துக்கொண்டார். இந்தச் சிலை பெற்ற புகழில் ஒரு பங்குகூட 1933 ஜனவரிக் கடிதத்துக்குக் கிடைக்கவில்லை. எதிர்விழைவுகள் இருப்பதைத் தாங்கள் கவனிக்கத் தவறியதாகவும், அவற்றைக் கோட்பாட்டுக்குள் சேர்த்து என்னென்ன திருத்தங்கள் தேவை என்று பார்க்க வேண்டும் என்றும் அதில் ஃபிராய்டு ஒப்புக்கொண்டார்.

1940இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை, 1947இல் 'சமீக்ஷா' இதழ் எனக் கல்கத்தாவில் பணி தொடர்ந்தது. போஸ் 1953இல் மறைந்தார். இதற்கிடையே 1946இல் லண்டனில் மெலனி கிளைன், தன்னிலையின் ஒரு பகுதி மற்றவருக்குள் செலுத்தப்படுவதை விளக்கி எழுதிய கட்டுரை, உளப்பகுப்பாய்வின் போக்கையே மாற்றியது. ஒன்றிலிருந்து மற்றது வந்ததென்று நான் வாதிடவில்லை. தன்னிலைக்கும் மற்றவருக்கும் இடையிலான எல்லை நனவிலியில் உறுதியானதல்ல என்ற சிந்தனையின் வரலாற்றை கிளைனிலிருந்து தொடங்குகிறவர்கள், 1921இல் வெளியான அந்தக் கல்கத்தா நூலிலிருந்து அதை எழுத வேண்டும்.