வாண்டூர் முகாமும் ஆமை எண்ணியவர்களும்

போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடமாகிறது. (2024-லேயே ஊர்ப்பெயர் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. நம் வாய்க்குத்தான் இன்னும் பழகவில்லை.) ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் செல்லுலார் ஜெயிலையே காட்டி அலுத்துப்போய், போன மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு வாண்டூர் முகாமுக்குப் போனோம். ஐந்து ஏக்கர் போல இடம், மரவீடுகள், பக்கத்தில் அலையாத்திக் காடு. ஓடைப்பக்கம் குழந்தைகளை விடாதீர்கள், முதலை உண்டு என்று முதலிலேயே எச்சரித்துவிட்டார்கள்.

இந்த முகாமின் பிறப்பு நம்மூர்ப் பக்கம்தான். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை பார்த்திருப்பீர்களே, அந்த அறக்கட்டளைதான் 1990 வாக்கில் இதைத் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1970-களின் கடைசியில், சதீஷ் பாஸ்கர் இந்தத் தீவுகளின் கரைகளை நடந்தே அளந்திருக்கிறார். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்தவர், பாம்புப் பண்ணைக்காரர்களோடு சேர்ந்து ஆமைப் பைத்தியமாகிவிட்டார். எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்பதற்கு இந்தியாவில் முதல் கணக்கு பெரும்பாலும் அவர் கால்நடையாகச் சேர்த்ததுதான். 2023-ல் காலமானார்.

முகாமின் முதுகெலும்பு கரேன் மக்கள். 1925-ல் ஆங்கிலேயர் காட்டு வேலைக்காக பர்மாவிலிருந்து கூட்டிவந்து மாயாபந்தர் பக்கம் குடியேற்றியவர்களின் வாரிசுகள். படகு, காடு, கடல் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பட்டம் வாங்கிய ஆராய்ச்சியாளர்களின் பெயர் கட்டுரைகளில் வருகிற அளவுக்கு இவர்கள் பெயர் வருவதில்லை என்பது என் ஆதங்கம்.

கிரேட் நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாதான் தோணி ஆமைகளின் பெரிய முட்டையிடும் கரை. (முதுகில் ஏழு வரி ஓடுவதால் ஏழுவரி ஆமை என்றும் சொல்வார்கள். ஆமைகளிலேயே மிகப் பெரியது.) 1997-ல் சரணாலயமாக்கினார்கள். முகாம்காரர்கள் அங்கே கூடாரம் போட்டு, ராத்திரி ராத்திரியாக நடந்து, முட்டையிட வந்த ஆமைகளுக்கு அடையாளத் தகடு மாட்டி எண்ணினார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அந்த முகாமின் மேல் ஏறியது. ஆமை எண்ணப் போனவர்களில் திரும்பாதவர்கள் உண்டு. தீவின் தென்முனை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. கரையே இல்லாமல் போனது.

அதற்குப் பிறகும் விடவில்லை பாருங்கள். 2008 வாக்கில் லிட்டில் அந்தமானில் மறுபடி எண்ணத் தொடங்கினார்கள். 2011-க்கும் 2014-க்கும் இடையில் 10 ஆமைகளின் முதுகில் சாட்டிலைட் கருவி பொருத்தினார்கள். சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப் பக்கம் போயின. ஒன்று 13,000 கி.மீ.க்கு மேல் நீந்தி ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கம் போய்ச் சேர்ந்தது. வேலைக்காக ஊர்விட்டு ஊர் போகும் நாமெல்லாம் எந்த மூலை!

கலத்தியாவில் மணல் மெல்ல மெல்ல மறுபடி சேர்ந்தது, ஆமைகளும் திரும்பின. ஆனால் 2021 ஜனவரியில் சரணாலய அந்தஸ்து நீக்கப்பட்டது. அங்கே பெரிய சரக்குத் துறைமுகம் வரப்போகிறது என்பது திட்டம். 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்துவிட்டது. துறைமுகம் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை, தீவில் வேலைக்கு அலையும் நம் பையன்களையும் பார்க்கிறேனே. ஆனாலும் முட்டையிட வேறு கரை தேடிக்கொள் என்று ஒரு தோணி ஆமையிடம் யார் போய்ச் சொல்வது?