இலங்கைக் கல்லிலிருந்து கும்மிடிப்பூண்டி குடோன் வரை

1703 வாக்கில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் என்ற கல்லை ஹாலந்துக்குக் கொண்டுபோனார்கள். தணலில் சூடேறினால் அந்தக் கல் பக்கத்திலிருக்கும் சாம்பலை இழுக்கும். புகையிலை பிடிக்கும் குழாயில் தங்கிய சாம்பலை எடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். இதைச் சொல்லும் ஜெர்மன் நூல் 1707-இல் வந்தது. சூடுபட்ட கல்லின் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னூட்டம் தோன்றுவதை 1756-இல் ஏபினஸ் என்ற அறிஞர் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை இந்தக் குணத்தைக் கொண்டு கண்டறியலாம் என்ற யோசனை எழுந்ததோ 1938-இல்தான்.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் குடோன் மூலையில் மாட்டியிருக்கும் திருட்டு எச்சரிக்கை சென்சாரின் வெள்ளைப் பெட்டிக்குள் டூர்மலின் இல்லை. அதே குணமுள்ள செயற்கைப் பொருள் இருக்கிறது. இரண்டு சிறு துண்டுகள், எதிரெதிராக இணைத்தவை. அறை முழுவதும் மெல்லச் சூடேறினால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆள் குறுக்கே நடந்தால் உடல் சூடு முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் படும், சென்சார் விழித்துக்கொள்ளும். அதை நோக்கி நேராக வருபவனை அவ்வளவு எளிதில் பிடிக்காது. ஷட்டருக்கு நேர் எதிரே மாட்டுவது வீண் என்பேன். பக்கச் சுவரே நல்லது.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து வெயில்தான் இதற்குப் பெரிய சோதனை. சென்சார் பார்ப்பது சூட்டை அல்ல, சூட்டின் வித்தியாசத்தை. மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே சுவரும் சரக்கும் உடல் சூட்டை நெருங்கிவிட்டால், மனிதன் பின்புலத்தில் கரைந்துபோகிறான். அதனால்தான் நுண்ணலையாலும் அசைவை அறியும், இரண்டில் ஒன்று அறிந்தாலே எச்சரிக்கும்படி அமைத்த இரட்டை வகை சென்சார் இங்கே தேவை. கம்பி உருட்டும் ஆலையின் உலைப் பக்கமோ அகச்சிவப்பு சென்சாரையே நம்பக் கூடாது. கதவில் காந்த சுவிட்ச் வைப்பதே சரி.

சென்சார் கண்டதை ரேடியோ அலை வழியாகக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கி, சிம் கார்டு மூலம் தொலைவிலிருக்கும் கண்காணிப்பு அறைக்கும் முதலாளியின் போனுக்கும் அனுப்புகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை திருவள்ளூர் மாவட்டத்தையும் சென்னையையும் முடக்கியபோது, பல இடங்களில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் சேர்ந்தே போயின. சிக்னல் இல்லாத இடத்தில், பெட்டியின் பேட்டரி தாங்கினாலும் செய்தி வெளியே போகாது. இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைப்பது ஓரளவு உதவும்.

ஆனால் நான் வற்புறுத்துவது வேறொன்று. சென்சார் வந்ததும் வாட்ச்மேனை நிறுத்திவிடாதீர்கள். இருட்டில் டார்ச்சோடு தனியாகத் திருடன் முன்னால் போய் நிற்க வேண்டிய நிலை அந்த வயதானவருக்கு இனி வேண்டாம் என்பதே இந்தக் கருவியின் பெரிய பயன். உள்ளே யாரோ இருப்பதை அவர் வெளியே நின்றபடி அறியலாம், கேட்டைப் பூட்டலாம், 100-க்குப் போன் செய்யலாம். அந்த எச்சரிக்கை முதலாளியின் போனுக்கு மட்டும் போகாமல் அவருடைய போனுக்கும் வரும்படி அமைத்துக்கொடுங்கள்.