கொரோசாலில் ஒரு முறையீடு

கொலம்பியாவின் கரீபியக் கரையிலுள்ள சூக்ரே மாநிலத்தின் வரலாற்றில் ஒரு பக்கத்தையே இப்பொழிவில் நாம் எடுத்துக்கொள்கிறோம். 2001 முதல் 2003 வரை அங்கு ஆளுநராக இருந்தவர் சால்வடோர் அரானா. நம் வழக்கில் ஆளுநர் நியமிக்கப்படுபவர். அங்கோ மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். அக்காலத்தில் நிலக்கிழார்களும் போதைப்பொருள் வணிகரும் ஊட்டி வளர்த்த ஆயுதக் குழுக்கள் அம்மாநிலத்தில் கோலோச்சின. இவற்றைத் 'துணை ராணுவம்' எனத் தமிழில் எழுதுவோர் உளர். அச்சொல் அரசுப் படையைக் குறிப்பதாதலால் நாம் அதனைக் கையாளவில்லை.

2003 பிப்ரவரி 1ஆம் நாள் கொரோசால் நகரில் குடியரசுத் தலைவர் அல்வாரோ உரிபே மக்கள் மன்றம் கூட்டினார். ஆளுநரும் அவையில் இருந்தார். எல் ரோப்ளே என்னும் சிற்றூரின் மேயர் எவுதால்தோ டியாஸ் எழுந்து, ஊழலை வெளிப்படுத்தியமைக்காகத் தம்மைக் கொல்லப்போகிறார்கள் என்று தலைவரிடம் முறையிட்டார். ஆளுநரின் பெயரைச் சொல்லவும் அவர் தயங்கவில்லை.

ஏப்ரல் 5ஆம் நாள் டியாஸ் காணாமற்போனார். ஐந்து நாள் கழித்து அவரது உடல் கிடைத்தது.

அரானாவோ பின்னர் சிலி நாட்டுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். இந்த நியமனமே நம்மை மிகவும் உறுத்துகிறது. அக்குற்றச்சாட்டு மறைவில் முணுமுணுக்கப்பட்டதன்று; நாட்டுத் தலைவரின் செவிபட, ஊரார் அறியச் சொல்லப்பட்டது. டியாஸின் குடும்பத்தார் வழக்கைக் கைவிடவில்லை. 2006க்குப்பின் அரசியலாருக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் இருந்த உறவுகள் நாடெங்கும் அம்பலமாயின. 2008இல் அரானா கைதானார். 2009 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 40 ஆண்டுச் சிறை விதித்தது. கொலை, ஆளைக் காணாமலாக்கியமை, ஆயுதக் குழுவுடன் கூட்டுச்சதி ஆகியவை அவர்மீது மெய்ப்பிக்கப்பட்ட குற்றங்கள்.