வீட்டுக் கணினியில் தீநிரல் தடுப்பு: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

உரியவர் அறியாமல் கணினிக்குள் நுழைந்து, தகவலைத் திருடவோ கோப்புகளை முடக்கவோ எழுதப்பட்ட நிரல் தீநிரல் எனப்படும். வார்ம், ட்ரோஜன், ரான்சம்வேர் என்று வகை பல இருந்தாலும் வழக்கில் எல்லாமே 'வைரஸ்'தான்.

விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரிப் பகுதியான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பல வீடுகள் கண்ட முதல் கணினி, 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி. அந்த மடிக்கணினிகள் பலவற்றில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. விண்டோஸுக்கென்று எழுதிய தீநிரல் லினக்ஸில் பெரும்பாலும் ஓடாது. ஆனால் சினிமாவும் விளையாட்டும் வேண்டும் என்று பலர் அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸைப் போட்டுக்கொண்டார்கள். கையில் இருந்த காவலை எடுத்துவிட்டு வாசலையும் திறந்து வைத்த கதை இது.

தீநிரல் நுழையும் அடுத்த வழி பென் டிரைவ். பிரின்ட் எடுக்கவும் விண்ணப்பம் போடவும் பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோன பென் டிரைவ், 'ஷார்ட்கட் வைரஸ்' ஏறித் திரும்பி வரும். அது கோப்புறையை அழிப்பதில்லை. மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு குறுக்குவழியை வைக்கிறது. அதைச் சொடுக்கினால் கோப்புறையும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். எல்லாம் போயிற்று என்று ஃபார்மட் அடிப்பவர்கள்தான் உண்மையில் கோப்புகளை இழக்கிறார்கள். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றினாலே பெரும்பாலும் அவை கண்ணில் படும்.

மின்னஞ்சல் வழியின் சூட்சுமம் கோப்பின் பெயரில் இருக்கிறது. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வார்ம், காதல் கடிதம் என்ற பெயரில் 'டிஎக்ஸ்டி' என்ற ஒட்டோடு (எக்ஸ்டென்ஷன்) வந்தது. அதற்குப் பின்னே 'விபிஎஸ்' என்ற உண்மையான ஒட்டு இருந்தது. தெரிந்த கோப்பு வகைகளின் கடைசி ஒட்டை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவிடுவதால், பார்த்தவருக்கு அது வெறும் எழுத்துக் கோப்பு. அந்தப் பழக்கத்தை விண்டோஸ் இன்றும் விடவில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதிக்குப் போய்க் கோப்பு ஒட்டுகளைக் காட்டச் செய்வது ஒரு நிமிட வேலை. காசு கொடுத்து வாங்கும் பல மென்பொருள்களைவிட இதற்குப் பயன் அதிகம் என்றே சொல்லலாம். 'பில்' என்று வந்தது 'இஎக்ஸ்இ' என்றோ 'ஜேஎஸ்' என்றோ முடிந்தால் அது பில் அல்ல. கடவுச்சொல்லைக் கடிதத்திலேயே எழுதி அனுப்பும் ஜிப் கோப்பும் சந்தேகத்துக்குரியதே: பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் எட்டிப்பார்க்க முடியாது.

பதிவிறக்கத்தில் பெரிய ஆபத்து 'கிராக்' எனப்படும் பூட்டுடைத்த திருட்டு மென்பொருள். கணக்கு எழுதவும் படம் திருத்தவும் விலையுள்ள மென்பொருளை இலவசமாகத் தேடுபவர், 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்ற குறிப்பைப் படித்து அப்படியே செய்கிறார். ஸ்டாப் அல்லது டிஜேவியூ எனப்படும் ரான்சம்வேர் குடும்பம் இந்த வழியில்தான் வீட்டுக் கணினிகளைப் பிடித்தது. படங்கள், கணக்குகள் அனைத்தையும் பூட்டி 980 டாலர் கேட்கும். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை என்று ஜவுளிக்கடைத் தள்ளுபடிபோல ஆசையும் காட்டும்.

சொடுக்காமலே நுழைபவையும் உண்டு. 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை, சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையையும் பாதித்தது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இத்தகைய அப்டேட்டுகளைத் தரும் வழக்கமான ஆதரவு விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அதிலேயே இருப்பவர்கள் விண்டோஸ் 11-க்கோ லினக்ஸுக்கோ மாறுவது நல்லது. பிரித்துவைப்பதும் ஒரு காவல்தான்: 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் டிட்ராக் என்ற உளவு நிரல், இணையத்தோடு இணைந்த அலுவலகக் கணினி ஒன்றில் கண்டறியப்பட்டது. உலையை இயக்கும் பிணையம் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிவித்தது.

அந்தப் பிரித்துவைத்தலை வீட்டிலும் செய்யலாம். விதைக் கம்பைக் குலுக்கையில் கொட்டாமல் தனியே கட்டிவைப்பதுபோல, கல்யாணப் படங்களையும் சான்றிதழ் நகல்களையும் வெளி ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஏற்றியவுடன் கழற்றி வைக்க வேண்டும். செருகியே கிடக்கும் டிஸ்கை ரான்சம்வேர் சேர்த்தே பூட்டும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். அதன் மேல் இன்னொரு இலவச ஆன்டிவைரஸ் தேவையில்லை. பிள்ளைகள் பயன்படுத்த அட்மின் உரிமையில்லாத தனிக் கணக்கு கொடுத்தால், கண்டதையெல்லாம் இன்ஸ்டால் செய்ய வழியிருக்காது.

தொற்று தெரிந்தவுடன் இணையத்தைத் துண்டித்து, கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் தூய்மைப்படுத்தும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. பூட்டப்பட்ட கோப்புகளை ஆத்திரத்தில் அழித்துவிடக் கூடாது. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம், டிஜேவியூ குடும்பத்தின் 148 வகைகளுக்கு இலவசத் திறவுகருவியை வெளியிட்டது. அந்தக் குடும்பத்தின் பழைய வகைகளில் சிக்கியவர்களில், பூட்டிய கோப்புகளோடு அவற்றில் சிலவற்றின் அசல் நகலையும் எங்கோ வைத்திருந்தவர்களுக்கு அது பயன்பட்டது.